பதினேழாவது துளை

பதினான்கு வருஷமாக ஒரு டேப்பைக்கூட ஒடிக்காத ஆள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஒடித்தான். பெரிய சத்தமெல்லாம் இல்லை. சுள்ளி முறிந்த மாதிரி ஒரு ‘டக்’. ஆனாலும் பட்டறை முழுக்கக் கேட்டது. லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அடுத்த வீட்டில் பாத்திரம் விழுந்தால் எட்டிப் பார்க்காமல் யாரால் இருக்க முடிகிறது?

டேப்பு என்றால் துளைக்குள் மரை வெட்டுகிற எஃகுக் கம்பி. உடம்பெல்லாம் பல். அதைக் கைப்பிடியில் மாட்டி, துளையில் நேராக நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருக வேண்டும். அவசரப்பட்டால் ஒடியும். ஒடிந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துளை போடுகிற சாதாரண பிட்டால் அதைத் துளைக்கவும் முடியாது, இடுக்கியால் பிடித்து இழுக்கவும் முடியாது. தொண்டையில் சிக்கிய முள்தான்.

அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத கை அவனுடையது. அதனால்தான் பட்டறையில் அவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர். முதலாளியே “நிதானத்தை வரச் சொல்லு” என்றுதான் ஆளனுப்புவார். சொந்தப் பெயர் அவன் மனைவிக்கும் சம்பளப் பதிவேட்டுக்கும் மட்டுமே ஞாபகம் இருந்தது.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். ஆறு கிலோ பித்தளைக் கட்டை. அதில் பதினெட்டுத் துளைகள், எல்லாம் அடி மூடிய துளைகள். பதினாறில் மரை போட்டாகிவிட்டது. பதினேழாவதில் டேப்பின் ஒடிந்த வாய் கறுப்பாகத் தெரிந்தது. அந்த மாதிரி வார்ப்பு இன்னொன்று வேண்டுமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் செவ்வாய்க்கிழமை வருகிறார்.

“நீயாப்பா?” என்றார் முதலாளி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த ‘நீயா’தான் நெஞ்சில் போய்த் தைத்தது.

“தெரியலைங்க. இன்னும் ரெண்டு சுத்து போகணும். அதுக்குள்ள இடிச்சுது.”

“கம்பி விட்டு ஆழம் பாத்தியா?”

அவன் ஆணியில் தொங்கிய கம்பியைப் பார்த்தான்.

துளை போட்டு வருகிற கட்டையில், ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் டேப்பை வைக்க வேண்டும் என்பது பட்டறை விதி. நிதானமும் பார்ப்பான். ஒரே ஒருவர் போட்ட துளைகளுக்கு மட்டும் பார்க்க மாட்டான். அவர் அவனுடைய சகலை.

அக்காளைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் இவன். இந்தப் பட்டறையில் இவனைச் சேர்த்துவிட்டதே அவர்தான். துளை போடும் மெஷின் அவர் கையில், டேப்பு இவன் கையில். வந்த புதிதில் ஒருநாள், அவர் போட்ட துளையில் இவன் விதிப்படி கம்பியை விட்டான். அவர் முகம் சுண்டிவிட்டது. “என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?” என்றார். அன்றோடு கம்பியை ஓரம் வைத்துவிட்டான்.

“ஆழம் தெரியாம காலை விட்டுட்டியேப்பா” என்றார் முதலாளி. “பக்கத்து ஷெட்டு திறந்ததும் மேஸ்திரியா உன்னை உட்கார வைக்கலாம்னு இருந்தேன். இப்ப இந்தக் கட்டையே போயிடும் போலிருக்கே. திங்கக்கிழமை காலையில துளை சுத்தமா இருக்கணும். இல்லேன்னா கட்டையும் வேண்டாம், நீயும் வேண்டாம்.”

சகலை தன் மெஷினுக்குப் பக்கத்தில் கையைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் துடைத்தார். துடைக்க அவ்வளவு அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை முழுக்க நிதானம் அந்தத் துளையோடு மல்லுக்கட்டினான். ஒடிந்த டேப்பின் பள்ளங்களில் நாலு கால்களை இறக்கித் திருகி எடுக்கிற கருவி ஒன்று உண்டு. கால்களை இறக்கினான், திருகினான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினான். கருவியின் ஒரு கால் உடைந்தது. சின்ன உளியை வைத்துத் தட்டினான். டேப்பின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிர வரவில்லை.

“பிள்ளையப் பெத்துக்கறதுகூட இவ்வளவு கஷ்டமில்லப்பா” என்றார் லேத்துக்காரர்.

“நீங்க எத்தனை பெத்தீங்க?” என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தரை மணி தேநீருக்கு நிறுத்தியபோது சகலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இடிக்காத தம்பி. இடிச்சா கட்டைதான் வீணாப் போகும். படிகாரத் தண்ணியில போட்டுக் கொதிக்க விடு.”

“படிகாரமா?”

“கடியாரக்காரங்க பண்ற வேலை. பித்தளைக்குள்ள இரும்புத் திருகாணி ஒடிஞ்சா இப்படித்தான் எடுப்பாங்க. இரும்பு கரைஞ்சு சேறாப் போயிடும். பித்தளையில ஒரு கீறல் விழாது. எத்தனை துண்டு இருந்தாலும் கரைஞ்சிடும். சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு துணுக்கு கிடைக்காது.”

“உங்களுக்கு எப்படிண்ணே இதெல்லாம் தெரியும்?”

“வயசாகுதில்ல” என்று அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்கு அப்போது அமிர்தமாக இருந்தது. ஊரே கைவிட்டாலும் அண்ணன் கைவிட மாட்டார் என்று நினைத்தான். கண்ணில்கூட லேசாகத் தண்ணீர் வந்தது. அதைப் பின்னால் நினைத்துப் பார்த்தபோதுதான் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மளிகைக் கடையில் ரெண்டு கிலோ படிகாரம் கேட்டான். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். “சவரம் பண்ணின முகத்துல தடவ ஒரு கட்டி போதுமே. ஊருக்கே சவரம் பண்ணப் போறீங்களா?”

மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பையும் பித்தளைக் கட்டையுமாக அவன் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

ஒரே வீட்டை ரெண்டாகத் தடுத்த வீடு அது. இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அக்கா வீடு. ரெண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, போட்டுப் பார்த்தவர்கள் இல்லை. உப்பும் சர்க்கரையும் கோபதாபமும் அந்த வழியாகத்தான் போய்வரும்.

“எவர்சில்வர், இரும்பு எதுலயும் வைக்கக் கூடாது. சட்டியும் சேர்ந்து கரையும். மண்சட்டி வேணும்” என்றான்.

“இருக்கறது ஒரே ஒரு பெரிய மண்சட்டி. அதுல இரும்பை வேக வச்சா அப்புறம் அதுல என்னத்தை ஆக்குறது?”

“வேலை இருந்தாத்தானே ஆக்குறதுக்கே வழி?”

அவள் பரண்மேலிருந்து சட்டியை இறக்கிக் கழுவி வைத்தாள். கட்டையை உள்ளே இறக்கி, தண்ணீர் ஊற்றி, படிகாரத்தைப் பொடித்துப் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள். அரை மணியில் பதினேழாவது துளையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. மற்ற துளைகள் பேசாமல் இருந்தன. இரும்பு கரைகிற குமிழ்தான் அது. நிதானம் முக்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

அக்காக்காரி நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “என்ன தம்பி, விருந்தா?” என்று சிரித்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தங்கையின் கையைப் பிடித்து, “கொஞ்சம் வாயேன்” என்று அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். மனைவி திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது.

“என்னாச்சு?”

“அக்காவுக்குத் தலைவலி. தைலம் தேச்சுவிட்டேன். கண்ணுல பட்டுடுச்சு.”

அவன் சட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டான். அவனுக்கு அவள் சொல் வேதம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது “அடுப்பை அணைச்சாச்சு” என்று அவள் சொன்னால் போதும், திரும்பிப் பார்க்காமல் நடப்பான்.

அன்றைக்கும் மறுநாள் காலையும் அடுப்பு ஓயவில்லை. தண்ணீர் வற்ற வற்ற மனைவிதான் ஊற்றினாள். படிகாரமும் அவளே போட்டாள். சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து வந்தது. மழையில் காயாத துணியெல்லாம் சமையலறைக் கொடியில் தொங்கி, ஆவியில் மறுபடி நனைந்தது. வீடு பூராவும் துருவும் புளிப்பும் கலந்த ஒரு வாடை. சகலை மணிக்கொருதரம் வந்து எட்டிப் பார்த்தார்.

“கரையுதா?”

“கரையுதுண்ணே. கறுப்பா வருது.”

“நீ ராத்திரியும் சரியாத் தூங்கல. போய்ப் படு. கடைசியில கவுத்துக் கழுவறதை நான் பாத்துக்கறேன். பக்குவமாச் செய்யணும் அது.”

“உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?”

“என்ன சிரமம்? உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குச் சகலை சாப்பிடப் போனார். குமிழ் நின்றுவிட்டிருந்தது. அவர் வரட்டும் என்று நிதானம் சற்றுநேரம் இருந்தான். பிறகு, அவரை எத்தனைதான் வேலை வாங்குவது என்று தோன்றியது. அடுப்பை அணைத்து, துணியைச் சுற்றிக் கட்டையைத் தூக்கி, தொட்டிப் பக்கம் கொண்டுபோனான். ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் கட்டையைக் கவிழ்த்துச் சாய்த்துப் பிடித்து, மரச் சுத்தியால் முதுகில் மெல்லத் தட்டினான்.

கறுப்புச் சேறு சொத்தென்று விழுந்தது. பதினான்கு வருஷப் பேரைக் கெடுத்த டேப்பு மைபோலக் குழைந்து கிடந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தட்டுத் தட்டினான்.

துளையின் சுவரில் டிங் என்று இடித்துக்கொண்டு ஏதோ விழுந்தது.

சேற்றுக்குள் விரலை விட்டு எடுத்துத் தண்ணீரில் அலசினான். பட்டாணி அளவு. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் முறிந்த வாய். ஒரு பொட்டுத் துரு இல்லை, ஓரம் மழுங்கவில்லை. அவ்வளவு நேரம் கொதித்தும் கடையில் வாங்கினது போல மின்னியது.

அது டேப்பு இல்லை. துளை போடுகிற பிட்டின் முனை. அதுவும் சாதாரண பிட் இல்லை, கார்பைடு. எஃகைத் துளைக்க வாங்கி, முதலாளி தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்த மூன்றில் ஒன்று. கல் மாதிரிக் கடினம், கொஞ்சம் ஆடினால் கண்ணாடி மாதிரி முறியும். தன்னைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். போன வருஷம் சகலை கேட்காமல் எடுத்து ஒன்றை முறித்தார். இன்னொரு தடவை நடந்தால் மெஷினை விட்டு இறங்கிப் போய்விட வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார் முதலாளி.

நிதானம் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நடந்ததெல்லாம் நூல் பிடித்த மாதிரி வரிசையாக வந்தது. வெள்ளிக்கிழமை அவசர வேலை. பிட் மழுங்கியிருக்கும். சாணை பிடிக்கச் சோம்பல் பட்டு இதை எடுத்திருக்கிறார். பதினேழாவது துளையின் அடியில் முறிந்திருக்கிறது. எடுக்க முடியவில்லை. பதினெட்டாவதைப் பழைய பிட்டால் முடித்து, பொடியை ஊதித் துடைத்து, ‘எல்லாம் ஆச்சு தம்பி’ என்று கட்டையை இவன் மேஜையில் வைத்திருக்கிறார். கம்பி விட மாட்டான் என்று தெரியும். டேப்பு போய் அதில் இடித்து ஒடியும் என்றும் தெரியும். ஒடிகிறவரை பக்கத்து மெஷினில் நின்று காத்திருந்திருக்கிறார்.

ஒடிந்த பிறகு சொன்ன வைத்தியமும் அதற்குத்தான். எத்தனை துண்டு இருந்தாலும் கரையும் என்றாரே! பாவம், கார்பைடு இரும்பில்லை, படிகாரம் அதைத் தொடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. கறுப்பாக இருப்பதெல்லாம் இரும்பு என்று எண்ணிவிட்டார்.

பின்னால் மனைவி நின்றிருந்தாள். அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

“இதை யார்கிட்டயும் காட்டிடாதீங்க” என்றாள்.

மழை கூரையில் பெய்துகொண்டிருந்தது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“இது என்னன்னு நீ கேக்கவேயில்லையே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நேத்து. அக்கா சொல்லிட்டா. காலைப் பிடிக்காத குறையா அழுதா. உங்க அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்கலையாம். வெளிய தெரிஞ்சா அவருக்கு வேலை இல்ல. இந்த வயசுல யாரு எடுப்பாங்க? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் ரெண்டு நாளாத் தண்ணி ஊத்தினியா?”

“கரைஞ்சு போயிட்டா எல்லாருக்கும் நல்லதுதானேங்க? உங்க வேலையும் போகாது, அவர் வேலையும் போகாது.”

“என் பேரு?”

“பேருதானே? நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

அடி வாங்கினால் திருப்பி அடிக்கலாம். இதற்கு என்ன செய்வது? அந்த முனையைக் கையில் மூடிக்கொண்டு நடுக்கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனான். சகலை கை கழுவிக்கொண்டிருந்தார். அக்காக்காரி இவன் முகத்தைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“அண்ணே, இது மட்டும் கரையல.”

சகலை அதைப் பார்த்தார். கைத்தண்ணீர் தரையில் சொட்டியது. பொய் சொல்லப் போகிறார் என்று நிதானம் எதிர்பார்த்தான். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“உக்காரு தம்பி” என்றார்.

“நிக்கிறேன்.”

“வேணும்னு பண்ணல. முறிஞ்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் ஒடிச்சேன்னு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாரு. நீ ஒடிச்சா மன்னிப்பாரு. உனக்கு நல்ல பேரு இருக்கு. ஒரு அடி தாங்கும்னு நெனச்சேன்.”

“தாங்கும்னு நெனச்சீங்க.”

“ஆமா.”

“எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேண்ணே? ‘ஒடிச்சுட்டேன் தம்பி, என்ன பண்றது’ன்னு ஒரு வார்த்தை. ராத்திரியே உக்காந்து ரெண்டு பேருமா எடுத்திருப்போமே. நானே உங்களை மறைச்சிருப்பேனே!”

சகலை கையைத் துடைக்கத் துணி தேடினார். அக்காக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிதானத்துக்கும் அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குக் கட்டையை அவனே தூக்கிப் போனான். எப்போதும் சேர்ந்து போகிறவர்கள், அன்று சகலை நாலு அடி பின்னால் வந்தார். கட்டையை மேஜையில் வைத்து, பதினேழாவதில் புதுடேப்பை இறக்கினான். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அடிவரைக்கும் வெண்ணெயாக இறங்கியது. பதினெட்டாவதையும் முடித்தான். முதலாளி அளவுத் திருகாணியை ஒவ்வொரு துளையிலும் போட்டுப் பார்த்தார்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. படிகார யோசனை உன் சகலையோடதாமே? பெரிய உபகாரம் பண்ணியிருக்காரு. சரி, இனிமே இப்படி ஆகக் கூடாது. எதனால ஒடிஞ்சுது? உன் வாயால சொல்லு.”

சகலை துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தார். நிதானத்தின் சட்டைப் பையில் அந்த முனை இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தால் போதும், வாயே திறக்க வேண்டாம். கையைப் பைக்குள் விட்டான். கூர் விரலில் குத்தியது. வாசலில் அவனை வழியனுப்பியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். சுவரோடு ஒட்டி நின்ற அக்காக்காரியும் வந்தாள். எல்லாரும் சேர்ந்து அவனுடைய நல்ல பேரைப் பங்கு போட்டாகிவிட்டது. அவன் மட்டும் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறான்?

வெறுங்கையை வெளியே எடுத்தான்.

“கை தவறிடுச்சுங்க.”

பதினான்கு வருஷத்தில் அவன் சொன்ன முதல் பொய் அதுதான். அதுவும் தன் கையின்மேலேயே சொன்னான்.

“ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு” என்றார் முதலாளி. “ஆனா மேஸ்திரி வேலைக்குக் கொஞ்சம் பொறுப்பான ஆள் வேணும்பா. ஆபத்துல யோசனை சொல்ற ஆளா இருக்கணும். உன் சகலையே பாக்கட்டும். உனக்கும் அவர் அண்ணன் மாதிரிதானே?”

“ஆமாங்க” என்றான் நிதானம்.

புது ஷெட்டுக்கு மேஸ்திரியான பிறகும் துளை போடும் மெஷினைச் சகலை விடவில்லை. அவர் போட்ட கட்டை இவன் மேஜைக்கு வரும். இவன் ஆணியில் தொங்குகிற மெல்லிய கம்பியை எடுப்பான். முதல் துளையில் விட்டு, ஆழம் பார்த்து, எடுத்துத் துடைப்பான். பிறகு ரெண்டாவது. பிறகு மூன்றாவது. அவர் எதிரிலேயே, அவசரமே இல்லாமல், கடைசித் துளைவரைக்கும். ‘அண்ணே’ என்று கூப்பிடுவதை அவன் நிறுத்தவில்லை. அவரும் ‘நம்பிக்கை இல்லையா’ என்று கேட்கவில்லை. கம்பி உள்ளே போய் வருகிற நேரமெல்லாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மண்சட்டியை மனைவி நாலு தடவை தேய்த்துப் பார்த்தாள். கறை போகவில்லை. கொல்லையில் கவிழ்த்துப் போட்டாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவுக்குப் போகலாம் என்று ரெண்டு பேரும் கிளம்பினார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அடுப்பை அணைச்சாச்சு” என்றாள், எப்போதும் போல.

அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளே போனான். குனிந்து, அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்தான். அணைத்துத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.